வால்வின் குரலும் வழிநூலும்

மலர்க்குழுவிலிருந்து ஆண்டுதோறும் எனக்கு ஒரு தொலைபேசி வரும். "நயினாரே, இந்த வருஷம் சிந்தாமணியா, நீலகேசியா?" என்று கேட்பார்கள். இதுநாள் வரை அவற்றைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். இம்முறை, "கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பற்றி எழுதுகிறேன்" என்றதும் எதிர்முனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எழுதுங்க, ஆனா படிக்கிறவங்களுக்குப் புரியணும்" என்றார்கள். புரியும்படி எழுத முயல்கிறேன்.

உனக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நான் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். 1979இல் பம்பாய்க்கு வந்து, லாமிங்டன் ரோட்டில் எலெக்ட்ரானிக் உதிரிப் பாகங்கள் விற்றுப் பிழைத்தவன். மின்னணுவியலைக் கல்லூரியில் படித்ததில்லை. ரிப்பேர்க்காரர்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதை ஏன் கேட்டார்கள் என்று இரவில் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தமிழும் அப்படிக் கற்றதுதான். கல்லாப்பெட்டி மேல் ஒரு பக்கம் ரசீதுப் புத்தகம், மறுபக்கம் பவணந்தியாரின் நன்னூல். ஆகவே இக்கட்டுரையில் இரண்டும் கலந்துதான் வரும். பொறுத்தருள வேண்டும்.

ஒரு ஸ்டிக்கரின் கதை

1996ஆம் ஆண்டு தாராவியிலிருந்து ஒரு பையன் கடைக்கு வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கடை வைத்தவர் எல்லோரும் அவர்களுக்கு அண்ணாச்சிதான்; நானும் அண்ணாச்சியானேன். அவனுக்கு வேண்டியது வால்வு ஆம்ப்பில் கேட்கும் அந்தக் கரகரத்த கிட்டார் குரல். வால்வு ஆம்ப் வாங்க வசதியில்லை. என்னிடம் ஊர்பேர் இல்லாத பட்டறை ஒன்றில் செய்த சிறு பெட்டிகள் இருந்தன. உள்ளே ஒரு ஐ.சி., இரண்டு டயோடு, சில கண்டன்சர், அவ்வளவுதான். பெட்டி மேல் "அசல் வால்வு ஓசை" என்று ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரை அச்சடித்து ஒட்டியது பட்டறைக்காரர் அல்ல, நான்தான். 650 ரூபாய்க்குக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து வந்தான். "அண்ணாச்சி, வீட்ல நல்லாத்தான் கேட்டுச்சு. மேடையில போட்டா வண்டு இரையுத மாதிரி இரையுது. எல்லாரும் சிரிச்சிட்டாங்க" என்றான். சண்டைக்கு வரவில்லை, அதுதான் சுருக்கென்றது.

எங்கள் சமயத்தில் இல்லறத்தார்க்கு ஐந்து அணுவிரதங்கள் உண்டு. அதில் களவு நீக்கம் என்னும் விரதத்துக்கு ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வகுக்கிறது. அவற்றுள் ஒன்று பிரதிரூபக வியவகாரம். அதாவது போலியை மெய்யென்று காட்டி வியாபாரம் செய்வது. கள்ள அளவையும் அதே பட்டியலில்தான் வருகிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் விற்றது போலியா? போலி என்றால் எந்த வகையில் போலி? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பல ஆண்டுகள் போயின. அந்த விடைதான் இக்கட்டுரை.

தோன்றல், திரிதல், கெடுதல்

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். ஆம்ப்ளிஃபயர் என்பது சிறிய மின்னலையைப் பெரிதாக்குவது. அதன் சக்திக்கு மீறி உள்ளே அனுப்பினால் அலையின் உச்சிகள் நசுங்கும். உச்சி நசுங்கினால் மூல ஒலியில் இல்லாத புதிய சுரங்கள் பிறக்கும். சொற்புணர்ச்சியில் வரும் விகாரத்தை நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகச் சொல்வார். இங்கே மூன்றும் ஒருங்கே நடக்கின்றன: உச்சி கெடுகிறது, வடிவம் திரிகிறது, புதிய சீரிசைகள் தோன்றுகின்றன. ஆகவே இதைத் திரிபு என்றே சொல்வேன்.

பொறியாளருக்குத் திரிபு நோய். கிட்டார்க்காரருக்கோ அது குரல். 1951இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் "ராக்கெட் 88" பாட்டு பதிவானபோது, வழியில் அடிபட்ட ஆம்ப் ஒன்றின் ஸ்பீக்கரில் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள் என்பது பலரும் சொல்லும் செய்தி. 1964இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவில் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறியே வாசித்தார். பழுது என்று ஒதுக்கவேண்டியதை விரும்பி ஏற்றுக்கொண்டது ஒரு தலைமுறை.

இந்த இசையில் ச, ப இரண்டையும் மட்டும் சேர்த்து வாசிக்கும் வழக்கம் மிகுதி. அதற்கும் திரிபே காரணம். இரண்டு சுரம் திரிபுக்குள் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் கூடவே பிறக்கும். 110 ஹெர்ட்ஸ் சட்ஜமும் 165 ஹெர்ட்ஸ் பஞ்சமமும் போட்டால் கழித்து வருவது 55, கீழ் ஸ்தாயி சட்ஜம். கூட்டி வருவது 275, மேலே அந்தர காந்தாரம். எல்லாம் சுருதியில் நிற்கிறது. பஞ்சமத்துக்குப் பதில் கிட்டாரின் காந்தாரம், சுமார் 138.6, போட்டுப் பாருங்கள். கழித்தால் 28.6, கூட்டினால் 248.6, இரண்டும் எதோடும் ஒட்டாது. கச்சேரியில் இருவர் வேறு வேறு சுருதியில் பாடிய மாதிரி இருக்கும்.

இரட்டை, ஒற்றை என்னும் வாதம்

வால்வின் திரிபு இனிது, டிரான்சிஸ்டரின் திரிபு கடுமை என்பது எங்கள் தெருவில் வேதவாக்கு. காரணம் கேட்டால், "வால்வு இரட்டைச் சீரிசை தரும், டிரான்சிஸ்டர் ஒற்றைச் சீரிசை தரும்" என்பார்கள். இதற்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது ரசல் ஹாம் என்பவர் 1973இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை. நல்ல கட்டுரைதான். ஆனால் அவர் அளந்தவை ஒலிப்பதிவுக் கூடத்து மைக் முன்பெருக்கிகள். மைக்குக்குச் சொன்னதைக் கிட்டார் ஆம்ப் முழுவதற்கும் நீட்டியது பிற்காலத்தார் செய்த வேலை.

நீட்டினால் எங்கே இடறுகிறது? ஒற்றை வால்வு நிலையில் அலையின் மேற்பாதி ஒருவிதமாகவும் கீழ்ப்பாதி வேறுவிதமாகவும் நசுங்கும். அந்தச் சமமின்மையால் இரட்டைச் சீரிசை வரும், இது உண்மை. ஆனால் பெரிய கிட்டார் ஆம்ப்களின் கடைசி நிலை இணை வால்வுகளால் ஆனது. ஒன்று தள்ள ஒன்று இழுக்கும். அந்த அமைப்பில் அந்த நிலையின் இரட்டைச் சீரிசைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும், மிஞ்சுவது ஒற்றை. எல்லோரும் மயங்கும் மார்ஷல் ஆம்ப்பின் முழக்கத்தில் ஒற்றைக்குப் பெரும்பங்கு உண்டு. மறுபக்கம், ஜப்பானின் பாஸ் கம்பெனி 1977இல் கொண்டுவந்த ஓ.டி.-1 பெட்டியில் ஒரு பக்கம் இரண்டு டயோடு, மறுபக்கம் ஒரு டயோடு. வேண்டுமென்றே சமமின்மை. வால்வே இல்லாத பெட்டியிலிருந்து இரட்டைச் சீரிசை வருகிறது. ஆகவே இரட்டை வால்வின் சொத்துமல்ல, ஒற்றை டிரான்சிஸ்டரின் சாபமுமல்ல. யானையின் காலைத் தொட்டவர் சொன்னதை முழு யானையாக எடுத்துக்கொண்டோம். அநேகாந்தம் கற்ற குலத்தில் பிறந்த நானும் அதையே கடையில் சொல்லி விற்றேன்.

முதல், வழி, சார்பு

நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிப்பது நம் மரபு. முதனூலின் முடிவோடு ஒத்து, பின் வந்தவன் வேண்டும் சில வேறுபாடும் சொல்வது வழிநூல். சிறிது ஒத்து, மற்றதில் வேறுபடுவது சார்பு நூல். இந்த அளவுகோலைக் கொண்டு பெட்டிகளை வரிசையாகப் பார்த்தால் பலது தெளிவாகிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வால்வு ஆம்ப்களிலேயே வழிநூல் உண்டு. மார்ஷலின் முதல் ஆம்ப்பான ஜே.டி.எம். 45, அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்து 1960களின் தொடக்கத்தில் லண்டனில் செய்தது. சர்க்யூட் கிட்டத்தட்ட அதேதான். உள்ளூரில் கிடைத்த பாகங்களும் ஸ்பீக்கரும் மாறின, குரலும் மாறியது. அதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. பார்த்துச் செய்வதே குற்றமென்றால் மார்ஷலும் குற்றவாளிதான்.

இனி டிரான்சிஸ்டர் பக்கம். முதலில் வந்தது 1962இன் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன். மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாட்டின் பதிவில் மிக்ஸரின் ஒரு சானல் பழுதாகி வினோதமாக இரைந்தது. அதைக் கேட்டு கிளென் ஸ்னாடி என்ற ஒலிப்பதிவாளர் மூன்று ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்டு உருவாக்கியது அது. அதன் விளம்பரத்தில் வால்வு என்ற பேச்சே இல்லை. எக்காளம், டிரம்போன் போல ஒலிக்கும் என்றுதான் விற்றார்கள். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் "சாட்டிஸ்ஃபாக்‌ஷன்" பாட்டில் அது ஒலித்ததும் உலகமே கேட்டது. யாரையும் பின்பற்றாததால் அது தனக்குத்தானே முதனூல் ஆனது. இன்று ஏசி 128 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரை அந்த இரைச்சலுக்காகவே தேடி வருகிறார்கள். ரேடியோ ரிப்பேருக்கு நான் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் கொடுத்த சரக்கு!

அடுத்தது 1970களின் கடைசியில் ஐபனேஸ் பெயரில் வந்த டியூப் ஸ்க்ரீமர். பெயரிலேயே டியூப் இருக்கிறது, அதாவது வால்வு. உள்ளே இருப்பது ஒரு ஐ.சி.யும் இரண்டு சிலிக்கான் டயோடும். டயோடுகளை வெளியே தரையோடு இணைக்காமல் ஐ.சி.யின் பின்னூட்டப் பாதையில் வைத்தார்கள். சிறு அலைக்குப் பெருக்கம் அதிகம். அலை 0.6 வோல்ட் அளவைத் தொட்டதும் டயோடு கடத்தத் தொடங்கிப் பெருக்கத்தைக் குறைக்கும். ஆனால் பெருக்கம் ஒன்றுக்குக் கீழே போகாது. மூல அலை மேலே சவாரி செய்துகொண்டே இருக்கும். ஆகவே கத்தியால் வெட்டியதுபோல இராது. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி குறைவாகவே திரியும்படியும் செய்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்.

ஆனால் பெரிய வாசிப்பாளர்கள் இதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். ஸ்டீவி ரே வானைப் போன்றோர் இதை வால்வு ஆம்ப்புக்கு முன்னால் வைத்தார்கள், வால்வுக்குப் பதிலாக அல்ல. முதனூலைப் படிக்கத் துணை செய்யும் உரைபோல அது நின்றது. சார்பு நூல் என்ற அளவில் அதற்கு நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன். தனியாக நின்று நானே மூலம் என்றால் கொடுக்க மாட்டேன். தாராவிப் பையனுக்கு நான் விற்றது இதன் ஏழை உறவினன்தான்.

மூன்றாவது வகை, வால்வு இருந்த இடத்திலெல்லாம் எஃப்.இ.டி. என்னும் டிரான்சிஸ்டரைப் போடுவது. நம் கடைகளில் கிடைத்த பி.எஃப்.டபிள்யூ. 10 கொண்டு நானும் செய்து பார்த்தேன். அதன் வளைவு வால்வின் வளைவுக்கு ஓரளவு உறவு, ஆனால் ஒன்றல்ல. வால்வு 300 வோல்ட்டில் உலவும், இது 9 வோல்ட் பாட்டரியில் அடங்கும். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்த கவிதை மாதிரி. எல்லாச் சொல்லும் இருக்கும், ஓட்டம் இராது.

நான்காவது வகைதான் உண்மையான வழிநூல். 1982இல் டாம் ஷோல்ஸ் என்ற பொறியாளர்-இசைஞர் செய்த ராக்மேன், 1989இல் ஆண்ட்ரூ பார்ட்டாவின் சான்ஸ்ஆம்ப் ஆகியவை இதில் அடங்கும். வால்வை மட்டும் பாராமல், முன்நிலை முதல் ஸ்பீக்கர் வரை முழு ஆம்ப்பையும் பின்பற்ற வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள் இவர்கள். ஏனென்றால் கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். திரிபில் பிறந்த கூர்மையான சீரிசைகளை அது வடிகட்டிவிடுகிறது. வால்வின் இனிமை என்று நாம் புகழ்வதில் பாதி ஸ்பீக்கர் காகிதத்தின் இனிமை. பையன் வீட்டில் பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கேட்டான், நன்றாக இருந்தது. மேடையில் நேராக மிக்ஸரில் செருகி, ஹார்ன் வைத்த பெரிய ஸ்பீக்கரில் விட்டான். வடிகட்ட ஆளில்லை, வண்டு இரைந்தது.

மறதியும் நினைவும்

இத்தனைக்குப் பிறகும் ஏதோ குறைகிறது என்பார்கள் காது உள்ளவர்கள். நான் கண்டவரை அந்தக் குறை அலையின் வடிவத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. டயோடுக்கு மறதி அதிகம். இந்த நொடியில் வந்த வோல்ட்டேஜை மட்டும் பார்க்கும், முந்தைய நொடி அதற்குத் தெரியாது. வால்வு ஆம்ப் அப்படியல்ல. ஓங்கி அடித்தால் வால்வின் கிரிட் வழியே மின்னோட்டம் பாய்ந்து, முன்னால் உள்ள கண்டன்சர் ஏறிக்கொள்ளும். வால்வு நிற்கும் நிலையே நகர்ந்துவிடும். சுரம் தேயத் தேய மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வரும். பவர் சப்ளையும் அப்படியே. ஓங்கி அடித்ததும் வோல்ட்டேஜ் தாழும், பிறகு நிமிரும். ஒலி சற்று அமுங்கிப் பிறகு மலரும். வாசிப்பவர் விரலுக்கு ஆம்ப் பதில் சொல்கிறது என்பார்களே, அது இதுதான். இன்னொன்றும் உண்டு. வால்வு ஆம்ப்பின் வெளியீடு ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிப்பதில்லை. ஸ்பீக்கர் தன் இயல்பான அதிர்வில் கொஞ்சம் துள்ளும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும்.

இவற்றில் எதுவும் டிரான்சிஸ்டரால் முடியாததல்ல. ஸ்பீக்கரின் தரைக் கம்பியில் ஓமின் பின்ன அளவில் ஒரு சிறு ரெசிஸ்டரை வைத்து, அங்கே வரும் மின்னோட்டத்தைப் பின்னூட்டமாக எடுத்தால் ஸ்பீக்கர் துள்ளத் தொடங்கும். சரியான இடத்தில் ஒரு டயோடும் கண்டன்சரும் வைத்தால் நிலை நகர்வும் வரும். சப்ளையில் ஒரு ரெசிஸ்டர் வைத்தால் தாழ்வும் வரும். சில்லறைச் செலவுதான். செய்யாததற்குக் காரணம் பொருளின் குறை அல்ல, கவனித்தவர் குறைவு.

இப்படி ஒன்று செய்து, பையனையும் கூப்பிட்டுச் சோதித்தேன். கடைக்குப் பின்னறையில் வேட்டியைத் திரையாகக் கட்டி, ஒரே ஸ்பீக்கரில் என் டிரான்சிஸ்டர் ஆம்ப்பையும் இரவல் வாங்கிய வால்வு ஆம்ப்பையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன், கடைக்காரன் சோதனை. முழு முழக்கத்தில் அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு கிட்டாரின் வால்யூமை மெல்லக் குறைத்தான். "இது வால்வு, அண்ணாச்சி" என்றான் சட்டென்று. சரிதான். திரிபிலிருந்து தெளிவுக்கு வரும் வழியில் என் ஆம்ப் ஒரு படி தாண்டிக் குதித்தது. வால்வு நடந்து வந்தது. முழக்கத்தைப் பின்பற்றியவன் நான், அமைதியைக் கவனிக்கவில்லை.

பின்பற்றாதவர்கள்

டிரான்சிஸ்டரை வால்வின் ஏழைத் தம்பியாக மட்டும் பார்ப்பதும் அநியாயம். 1975இல் வந்த ரோலண்ட் ஜே.சி. 120 தெளிந்த குரலுக்கே பெயர்பெற்றது, வால்வாக நடிக்கவில்லை. பி.பி. கிங் லேப் சீரிஸ் என்னும் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் வாசித்தார்; அவர் விரலுக்கு யார் குறை சொல்வார்கள்? பாந்தேரா குழுவின் டைம்பேக் டாரல் 1990களில் டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் கடுமையையே தன் குரலாக்கிக்கொண்டார். எது குறை என்றார்களோ அதுவே அங்கே அழகு.

1998இல் லைன் 6 கம்பெனியின் பாட் வந்தபிறகு கணக்குப் போட்டே ஆம்ப்பைப் பின்பற்றும் காலம் தொடங்கி, இன்று வெகுதூரம் போய்விட்டது. 2022 மார்ச்சில் ரஷ்ய வால்வு வரத்து திடீரென்று தடைப்பட்டபோது, ஒரு பொருளை இத்தனை சில ஆலைகளை நம்பி வைத்திருக்கிறோமே என்று பலர் திகைத்தார்கள். முதனூல் அழிந்தாலும் வழிநூலால் அதன் பொருள் நிற்பது நம் இலக்கியத்தில் நடந்ததுதான். ஆகவே பின்பற்றுவது நல்ல காரியம், தேவையான காரியமும்கூட.

முடிவாக

அப்படியானால் நான் செய்தது என்ன? டயோடு பெட்டி செய்தது குற்றமில்லை. அதை விற்றதும் குற்றமில்லை. "அசல்" என்ற ஒரு சொல்தான் குற்றம். வழிநூல் எழுதியவன் மூலத்தாரின் பெயரைச் சொன்னால் புலவன், மறைத்தால் கள்வன். பெட்டியைவிட அதன் மேல் ஒட்டிய சொல்லில்தான் பிரதிரூபகம் இருந்தது.

பையனிடம் 650 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், பெட்டியை மட்டும் திருப்பித் தரவில்லை. "கெடக்கட்டும் அண்ணாச்சி, வீட்ல வாசிக்க நல்லாத்தான் இருக்கு" என்றான். மிச்சமிருந்த பெட்டிகளின் ஸ்டிக்கரை வெந்நீர் தொட்டுச் சுரண்டி எடுத்தேன். "டயோடு திரிபு. கிட்டார் ஸ்பீக்கரோடு வாசிக்கவும்" என்று புது ஸ்டிக்கர் அச்சடித்தேன். அதன்பின் வியாபாரம் ஏறியது என்று எழுத ஆசைதான். ஏறவில்லை, பாதியாகக் குறைந்தது. கடைசிப் பெட்டி விற்க நாலு வருஷம் ஆயிற்று.

இக்கட்டுரையில் பிழை கண்டோர் நேரிலோ கடிதத்திலோ தெரிவித்தால் திருத்திக்கொள்வேன். அடுத்த ஆண்டு நீலகேசிக்குத் திரும்புகிறேன்.